நாய், பூனையின் எடைக் குறைப்பு: கிருஷ்ணகிரியில் ஒரு கால்நடை மருத்துவமனையில் ஐந்து மாதங்கள்

கருத்தடை செய்யப்பட்ட எங்கள் ஆறு வயது லாப்ரடார் செல்லியையும் வெள்ளையன் என்ற பூனையையும், எடையைக் குறைப்பதற்காக, காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி நகரின் தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்கு ஐந்து மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறோம். கொழுகொழுவென்று இருப்பதே ஆரோக்கியம் என்று நம்பியிருந்த எங்களுக்கு, செல்லி படியேறத் தயங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. அப்போது அதன் எடை 41 கிலோ.

மருத்துவர் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்து, மேலிருந்து இடுப்பின் வளைவைக் கவனித்து, உடல் பருமனைக் காட்டும் 9 புள்ளி அளவுகோலில் 8 என்று மதிப்பிட்டார். நாய்க்கு 4 அல்லது 5 இருப்பதே சரியாம். தைராய்டு பரிசோதனையில் குறையில்லை என்று தெரிந்ததும், மருந்து எதுவும் எழுதாமல், வீட்டில் யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள் என்று எழுதிவரச் சொன்னார். இந்தச் சேவையின் மதிப்பே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இலக்கு எடையான 30 கிலோவுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கிலோ கலோரி போதும். நாங்களோ உலர் உணவை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, அம்மா ஊட்டும் ராகிக் களியையும், மாலை பிஸ்கட்டையும், தோப்பில் உதிரும் மாம்பழத்தையும் மறந்திருந்தோம். களியில் தண்ணீரின் அளவு வீட்டுக்கு வீடு மாறுவதால், உருண்டையை எண்ணாமல் மாவையே நிறுக்க வேண்டும் என்றார். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கிலோ கலோரி உள்ளது. கூடுதல் தீனி அனைத்தும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால், 25 கிராம் மாவில் ஒரு சிறிய உருண்டைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்த அம்மா, "இது களியா, லேகியமா?" என்று கேட்டார்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது நாய்க்குப் பாதுகாப்பானது. செல்லி 22 வாரங்களில் 33 கிலோவுக்கு வந்துவிட்டது, படியும் ஏறுகிறது. அங்கு விற்கப்படும் எடைக் குறைப்பு உணவின் விலை, நாங்கள் முன்பு வாங்கியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் சாதாரண உணவையே பாதியாகக் குறைத்தால் புரதமும் வைட்டமின்களும் சேர்ந்தே குறைந்துவிடும் என்ற விளக்கம் எங்களுக்கு நியாயமாகப் பட்டது.

பூனையின் விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. உதவியாளர் கொடுத்த அச்சிட்ட தாளில், இரண்டு விலங்குகளுக்கும் பொதுவாக, வாரம் ஒரு நாள் பட்டினி போடலாம் என்று இருந்தது. பருத்த பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று மருத்துவரே எச்சரித்து அந்த வரியை அடித்தார் என்றாலும், அப்படியொரு தாள் அங்கு புழங்கவே கூடாது. மேலும், அங்குள்ள தரைத் தராசு அரைக் கிலோ வித்தியாசத்தை மட்டுமே காட்டும். வாரம் 30 கிராம் அளவில் இளைக்கும் பூனைக்கு அது பயன்படாது. வெள்ளையன் 6.4 கிலோவிலிருந்து 5.7 கிலோவுக்கு வந்ததை, வீட்டில் கூடையோடு நிறுத்துத்தான் அறிந்தோம்.

நாய் வளர்ப்பவர்கள் தயங்காமல் போகலாம். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பூனையோடு செல்பவர்கள், சிறு தராசு வாங்கிவிட்டார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.