ஈரலைப் பார்த்தார்கள், குடியை எங்கள் தலையில் விட்டுவிட்டார்கள்

மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஈரல் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அண்ணனுக்கு 46 வயது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்த நிலையில் கொண்டுபோனோம். அன்றிரவே எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் வெடித்த ரத்தக்குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு 5 நட்சத்திரம். நர்சுகள் ஒருவர்கூட அவரைக் கடிந்து பேசவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் குடியைப் பற்றி ஒரே வரி: மது அருந்தக் கூடாது. எப்படி நிறுத்துவது, யாரைப் பார்ப்பது என்று ஒன்றும் இல்லை. 20 வருஷமாகக் குடிக்கிறவர். மூன்றே வாரத்தில் மறுபடி டாஸ்மாக்.

கேட்டதற்கு மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அது வேறு கட்டடம், வேறு கிழமை, வேறு டோக்கன். போர்டைப் பார்த்ததுமே "எனக்கென்ன பைத்தியமாடா?" என்று அண்ணன் திரும்பிவிட்டார். சரி என்று ஒரு மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போனால், வயிற்றைப் பார்த்துவிட்டு ஈரல் சரியானதும் வாங்க என்றார்கள். ஈரல் மாற்று சிகிச்சை பற்றிக் கேட்டால், 6 மாதம் குடிக்காமல் இருந்து காட்டட்டும் என்று பதில். அந்த 6 மாதத்தைக் கடக்கத்தானே உதவி கேட்டு நிற்கிறோம்!

இன்சூரன்ஸ் கவுண்டரில் இன்னொரு அடி. குடியால் வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதால் பணம் வராது என்றார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுப் பழக்கத்தோடு சேர்ந்த மனநலப் பாதிப்புகளையும் மனநோயில்தான் சேர்க்கிறது, உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. அங்கே அதைப் பேசினால் யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, டாக்டரிடம் குடிக்கிறதைச் சொல்லியிருக்கவே கூடாது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். இப்படித்தான் எத்தனையோ பேர் மறைக்கிறார்கள், மறைத்தால் அவர்களுக்குச் சரியான மருந்து எப்படிக் கிடைக்கும்?

இதற்கிடையில் உறவில் ஒருவர் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்தார். டைசல்பிரம், மேலே குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்து குடியை வெறுக்க வைக்கும் மருந்து. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அது ஈரலையே கெடுக்கக்கூடியது, தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியில் வழி காட்டியது அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் இருந்த மனநல டாக்டர். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் வரலாம் என்று முதல் சில நாள் உள்ளே வைத்துப் பார்த்தார். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, ஈரலுக்குப் பாரமில்லை என்று சொல்லி, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பரிசோதித்த பிறகே தொடங்கினார். பாக்லோஃபென் என்று இன்னொன்றும் உண்டாம், ஈரல் நோயால் புத்திக் குழப்பம் வந்தவர்களுக்கு அதில் கவனம் வேண்டும் என்றார். இதை அந்தப் பெரிய மருத்துவமனையில் முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று மாதம் வீணாகியிருக்காது. எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான்.

மொத்தத்தில் 2 நட்சத்திரம். அண்ணன் குடிக்காமல் இது 11வது வாரம். வியாழக்கிழமை மறுபடி அதே ஈரல் ஓ.பி.க்குப் போகிறோம், இந்த மாத்திரைச் சீட்டை டாக்டர் மேசையில் நானே வைக்கப் போகிறேன்.