பூந்துடைப்பமா, ஈரத்துணியா, வாக்யூமா, ஏர் பியூரிஃபையரா?

காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது பூந்துடைப்பத்தால் பெருக்கிப் பாருங்கள். அந்த வெயில் பட்டையில் மின்னிக்கொண்டு மிதக்கிறதே, சற்று முன்புவரை அது தரையில் சும்மா கிடந்த தூசி. 10 மைக்ரான் துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு மீட்டர் இறங்கவே ஐந்தாறு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம். அதுவும் காற்றே அசையாமல் இருந்தால்தான். நாமோ பெருக்கி முடித்த கையோடு ஃபேனைப் போட்டுவிட்டு அதன் கீழேயே உட்காருகிறோம். துடைப்பம் புதுசு என்றால் ஒரு வாரத்துக்கு அதன் பூவும் சேர்ந்து உதிரும். முடி, சோற்றுப்பருக்கை, மணல் ஆகியவற்றை அள்ள அதற்கு நிகர் இல்லை. ஆனால் நுண்தூசியை அது இடம்தான் மாற்றுகிறது.

ஈரத்துணியில் தூசி ஒட்டிக்கொள்கிறது, எழும்புவதில்லை. தரைக்கும் அலமாரிக்கும் என் ஓட்டு இதற்குத்தான். ஒரே வாளித் தண்ணீரில் மூன்று அறையையும் துடைத்தால் மட்டும் பலன் போய்விடும். கலங்கிய நீர் காய்ந்ததும் தூசி மறுபடி தரையிலேயே நிற்கும். வாசனைத் திரவம் ஊற்றுவதால் தூசி குறையப்போவதும் இல்லை.

மெத்தையிலும் சோபாவிலும் ஈரத்துணி தோற்றுவிடும். அங்கேதான் தூசிப்பூச்சிகள் இருக்கின்றன. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இவை, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்பவை. சென்னை மாதிரி புழுக்கமான ஊர் அவற்றுக்குச் சொர்க்கம். தும்மலையும் இளைப்பையும் கிளப்புவதில் அவற்றின் எச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாக்யூம் அந்த எச்சத்தை நிறையவே இழுத்துவிடும். உயிரோடு இருக்கும் பூச்சியோ துணி இழையைப் பற்றிக்கொண்டு தப்பிவிடும். அதற்கு விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். வாக்யூம் வாங்குவதானால், நுண்தூசியையும் வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். சாதாரண ஃபில்டர் என்றால் முன்னால் இழுத்த நுண்தூசி பின்னால் வெளியேறும். தூசிப்பையை மொட்டைமாடியில் கொட்டும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை, ஒரு வாரத் தூசியை முகத்தில் வாங்கினேன்.

பியூரிஃபையர்? அது மிதக்கும் துகளை மட்டுமே பிடிக்கும். ஃபேன் இறக்கையில் படிந்தது அதன் கணக்கிலேயே வராது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். 120 சதுர அடி அறையில் சுமார் 30 கனமீட்டர் காற்று இருக்கிறது. அதை மணிக்கு ஐந்து முறை சுத்தப்படுத்த, 150 கனமீட்டர் காற்றைத் தரும் கருவி வேண்டும். ஃபில்டர் மாற்றும் செலவு தனி. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) அளவு, 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வத்தியைக் கொளுத்திவிட்டுப் பியூரிஃபையரையும் ஓட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்! சாலையோர வீடு, ஆஸ்துமா உள்ளவர், இரவெல்லாம் மூடிய ஏசி அறை என்று மூன்றும் சேர்ந்தால் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஃபேனை நிறுத்திவிட்டு, முதலில் இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்து, தரைக்குக் கடைசியில் வருகிறோம். மெத்தைக்கு வாரம் ஒருமுறை வாக்யூம். பூந்துடைப்பம் பால்கனிக்குப் போய்விட்டது.