டேவிட் டெனன்ட்: ஹாம்லெட், ரிச்சர்ட், மாக்பெத் - எதை முதலில் பார்ப்பது?

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ டிவி தொடர் பார்த்து நடிகர் டேவிட் டெனன்ட்டைப் பிடித்துப்போனவர்கள் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் இடம் ஷேக்ஸ்பியர். அங்கே மூன்று பெரிய பதிவுகள் போட்டிக்கு நிற்கின்றன. 2009-இல் பிபிசிக்காகப் படமாக்கிய ஹாம்லெட், 2013-இல் மேடையிலிருந்து நேரலையாகத் தியேட்டர்களுக்குப் போன இரண்டாம் ரிச்சர்ட், 2023 டிசம்பரில் மேடையேறி 2025 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த மாக்பெத். மூன்றிலும் நடிகர் ஒருவர்தான். ஆனால் அவர் குரல் போய்ச் சேர வேண்டிய தூரம் மூன்றிலும் வேறு. அதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் ஹாம்லெட். 2008-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக கிரெகரி டோரன் இயக்கியது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் கோர்ட்யார்ட் அரங்கில் சுமார் ஆயிரம் இருக்கைகள். மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் நீட்டு மேடை. டிவி முகத்தைக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அதே கம்பெனியில் 1996-லேயே டச்ஸ்டோன் என்ற கோமாளி வேடமும், 2000-இல் ரோமியோ வேடமும் செய்தவர் டெனன்ட். லண்டன் நொவெல்லோ தியேட்டருக்கு நாடகம் மாறிய டிசம்பரில் முதுகுத் தண்டின் வட்டு பிதுங்கி, அறுவை சிகிச்சை வரை போனது. விமர்சகர்கள் வந்த இரவில் ஹாம்லெட்டாக நின்றவர் எட்வர்ட் பென்னட். டெனன்ட் திரும்பியது ஜனவரியில், கடைசி ஒரு வாரத்துக்கு மட்டும். இன்று நம் கையில் இருக்கும் பதிவு அந்த மேடையின் பதிவே அல்ல. 2009 கோடையில், லண்டன் மில் ஹில்லில் இருக்கும் பழைய செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரிக் கட்டடத்தில், பார்வையாளர் ஒருவரும் இல்லாமல், சினிமாபோல ஒற்றைக் கேமராவால் எடுத்தார்கள்.

இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கேமரா கிட்டே இருப்பதால் தனிமொழிகளை அவர் கத்த வேண்டியதில்லை, மூச்சிலேயே பேசுகிறார். எல்சினோர் அரண்மனை முழுக்கக் கண்காணிப்புக் கேமரா. அவ்வப்போது காட்சி அந்தச் சாம்பல் நிறக் கேமராவின் கண்ணுக்கே மாறும். ‘இப்போது நான் தனியாக இருக்கிறேன்’ என்ற வரிக்கு முன்னால் டெனன்ட் சுவரில் இருக்கும் கேமராவைப் பிடுங்கி எடுக்கிறார். நானூறு வருடப் பழைய வரி அந்த ஒரு செய்கையில் புது வரியாகிவிடுகிறது. மன்னன் கிளாடியஸாகவும், அவனால் கொல்லப்பட்ட அண்ணனின் ஆவியாகவும் வருபவர் ஒரே ஆள், பேட்ரிக் ஸ்டூவர்ட். கல்லறைக் காட்சியில் டெனன்ட் கையில் இருப்பது நிஜ மண்டையோடு. 1982-இல் இறந்த பியானோ கலைஞர் ஆந்த்ரே சைக்கோவ்ஸ்கி, மேடையில் பயன்படட்டும் என்று கம்பெனிக்கு உயில் எழுதிக் கொடுத்தது. நஷ்டம் எது என்றால், சிரிப்பு. ஹாம்லெட்டின் கிண்டல் வரிகளுக்கு மேடையில் சபை பதில் சொல்லும். காலி அறையில் அந்த நக்கல் எதிரொலி இல்லாமல் விழுகிறது. நீளமும் சுமார் 3 மணி நேரம். ஒரே மூச்சில் பார்க்காமல் நடுவில் நிறுத்தினால் ஒன்றும் குறையாது.

ரிச்சர்ட் இதற்கு நேர் எதிர். அதே டோரன், அதே கம்பெனி, ஆனால் 2013 நவம்பர் 13 அன்று அரங்கு நிறைய ஆட்கள் இருக்க, பல கேமராக்கள் வைத்து அப்படியே ஒளிபரப்பினார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து தியேட்டர்களுக்குப் போன அந்த நேரலை வரிசையில் முதலாவது இதுதான். ஆயிரம் இருக்கைக்குப் போக வேண்டிய குரலை க்ளோசப்பில் பார்க்கும்போது முதல் பத்து நிமிடம் கொஞ்சம் மிகையாகத் தெரியும். நடிப்பில் குற்றமில்லை, அவர் பேசுவது கடைசி வரிசை ஆளுக்கு, கேமரா காட்டுவதோ கிட்டத்திலிருந்து, அவ்வளவுதான். பழகிவிட்டால் மறந்துபோகும்.

பெரும்பாலானவர்கள் இதைப் பாதியில் விடுவதற்குக் காரணம் வேறு. நாடகம் முழுவதும் செய்யுள், உரைநடை ஒரு வரி கிடையாது. போதாததற்கு, யார் யாருக்குச் சித்தப்பா, யார் யாருக்கு மகன் என்பது தெரியாமல் முதல் காட்சி புரியாது. தொடங்கும் முன் இவ்வளவு தெரிந்தால் போதும்: மேடை நடுவே இருக்கும் சவப்பெட்டி க்ளாஸ்டர் பிரபுவுடையது, அவர் ரிச்சர்டின் சித்தப்பா, கொலைக்குப் பின்னால் ரிச்சர்டே இருக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டிமேல் சாய்ந்து கிடக்கும் அவர் விதவையாக நடிப்பவர் ஜேன் லாபொட்டேர். இது மட்டும் தெரிந்தால் முதல் சண்டை முழுக்கப் பிடிபடும்.

இடுப்பை நோக்கி இறங்கும் ஒட்டுமுடி, நீள அங்கி, தன்னைத் தவிர எவரையும் நிமிர்ந்து பார்க்காத அலட்சியம் என டெனன்ட்டின் ரிச்சர்ட் முதல் பாதியில் பிடிக்கவே பிடிக்காத ஆள். கிரீடம் போகப் போக மனிதன் வெளியே வருகிறான். ஃப்ளின்ட் கோட்டை உச்சியில், அழும் ஆமெர்லின் (யார்க் பிரபுவின் மகன், ரிச்சர்டின் சித்தப்பா மகன்) தலையில் தன் கிரீடத்தை வைத்து முத்தமிடும் இடம் அந்தத் திருப்பம். அதே ஆமெர்ல்தான் கடைசியில் ரிச்சர்டைக் கொல்கிறான். மூலத்தில் அந்த வேலை எக்ஸ்டன் என்பவனுக்கு, டோரன் மாற்றினார். நாடகத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே குழம்ப வேண்டாம். மூன்றில் டெனன்ட்டின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பது இங்குள்ள தீர்ப்பு. ஆனாலும் முதலில் பார்க்க இது வேண்டாம்.

மாக்பெத்துக்கு வருவோம். மேக்ஸ் வெப்ஸ்டர் இயக்கம், லேடி மாக்பெத்தாக குஷ் ஜம்போ. லண்டனின் டான்மார் வேர்ஹவுஸில் 251 இருக்கைதான். அவ்வளவு சின்ன இடத்திலும் ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோன் கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கட்டப்பட்ட சத்தம். வடிவமைத்தவர் கேரத் ஃப்ரை. மனிதத் தலைக்கு இடப்பக்கமிருந்து வரும் ஒலி வலக்காதுக்கு நொடியின் மிகச் சிறு பங்கு தாமதமாகவும், சற்று மங்கலாகவும் சேரும். அந்த வித்தியாசத்தையும், காது மடல் ஒலியை மாற்றும் விதத்தையும் அப்படியே உண்டாக்கினால் மூளை ‘பின்னால் யாரோ நிற்கிறார்கள்’ என்று நம்பிவிடும். சூனியக்காரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, தோளுக்குப் பின்னால் பேசுகிறார்கள். மன்னனைக் கொல்லும் எண்ணத்தை டெனன்ட் வாய்விட்டுச் சொல்லாமல் தனக்குத்தானே முணுமுணுக்கிறார். கடைசி வரிசைக்கும் அது எட்டுகிறது. எல்லாம் காதுக்குள் நடப்பதால் நேரில் நடிப்பதைப் பார்க்கும் சுகம் போய்விட்டதே என்ற குறையும் நியாயம்தான். அதை நாடகமே ஒப்புக்கொள்கிறது: ஜதீந்தர் சிங் ரந்தாவா நடித்த வாயிற்காவலன் மேடையை விட்டு இறங்கி, ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருப்பவர்களையே கலாய்ப்பான்.

இடைவேளை கிடையாது, 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஷேக்ஸ்பியருக்குப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. உச்சரிப்பையும் கவனியுங்கள். பாத்கேட்டில் பிறந்து, பெய்ஸ்லி பக்கம் வளர்ந்து, கிளாஸ்கோவில் நாடகம் படித்தவர் டெனன்ட். ஆனால் ‘டாக்டர் ஹூ’வுக்கும் ஹாம்லெட்டுக்கும் ரிச்சர்டுக்கும் இங்கிலாந்து உச்சரிப்பைத்தான் போட்டுக்கொண்டார். மாக்பெத்தில் சொந்த ஸ்காட்டிஷ் பேச்சு. சுற்றியிருப்பவர்களும் அப்படியே பேச, குஷ் ஜம்போவின் ஆங்கில உச்சரிப்பு மட்டும் தனித்து நிற்கிறது. அந்த அரண்மனையில் அவள் அந்நியள் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை.

சோகம் வேண்டாம், சிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு 2011-இல் கேத்தரின் டேட்டோடு விண்டம்ஸ் தியேட்டரில் செய்த ‘மச் அடோ அபவுட் நத்திங்’ பதிவும் இருக்கிறது. ஒட்டுக்கேட்கும் காட்சியில் வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டு தவிப்பதற்காகவே பார்க்கலாம். இந்தப் போட்டியில் அதைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

ஆக வரிசை இது: மாக்பெத், ஹாம்லெட், ரிச்சர்ட். பின்னிரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இன்னொரு விருந்து உண்டு: ஹாம்லெட்டில் பொலோனியஸும், ரிச்சர்டில் யார்க் பிரபுவும் ஆலிவர் ஃபோர்ட் டேவிஸ்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத கிழவரை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார்.

பிரிட்டனிலிருந்து டிவிடி வரவழைப்பவர்கள் உறையைப் பார்த்து வாங்குங்கள். டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டல எண் உண்டு: அங்கே 2, இந்தியாவில் 5. உறையில் 2 மட்டும் என்றிருந்தால், பூட்டு நீக்கிய பிளேயர் இல்லாவிட்டால் ஓடாது. ஆங்கில வசனவரியை முதலிலிருந்தே போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரிச்சர்டுக்கு அது கட்டாயம். மாக்பெத்தை வீட்டில் பார்க்க வாய்த்தால் டிவி ஸ்பீக்கரை நம்பாதீர்கள். இரண்டு பக்கச் சத்தமும் அறைக்குள் கலந்து இரண்டு காதுக்குமே போய்விடும், சூனியக்காரி தோளுக்குப் பின்னாலிருந்து சுவருக்குப் போய்விடுவாள். சாதாரண ஹெட்ஃபோனே போதும். இடது, வலது மாறாமல் மாட்டுங்கள். போனில் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் தரும் ‘மோனோ ஆடியோ’ போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.