சுங்கை சிப்புட்டில் மறதி நோய் பெரியவர்களுக்கான பகல் மையம்: எங்கள் அனுபவம்

வீட்டில் மறதி நோய் வந்த பெரியவரை வைத்துக்கொண்டு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை ஒரு பகல் மையம் நடக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள். இருக்கிற இடத்துக்கு மேல் ஏற்கெனவே ஆள் வருகிறதாம். ஊரில் விசாரித்தால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். போன வருஷத்திலிருந்து என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். குறைகளும் இருக்கின்றன, அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அத்தை, அப்பாவுடைய அக்கா. சின்ன வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்) துடைக்கப் போய், அப்புறம் பாலுக்கு மரப்பட்டையை வெட்டி, கடைசிவரை தோட்ட வேலைதான். பள்ளிக்கூடம் போனதில்லை, இன்றைக்கும் கைநாட்டு. மறதி ஆரம்பித்தபோது ஒரு கிளினிக்கில் காட்டினோம். இன்றைக்கு என்ன தேதி, கடிகாரம் வரைந்து முள்ளைப் போடுங்கள், 100-லிருந்து 7 7 ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள், இந்த ஐங்கோணத்தைப் பார்த்து அப்படியே வரையுங்கள் என்று வரிசையாகக் கேள்வி. பேனாவே பிடித்துப் பழகாத மனுஷி. மலாயில் கேட்டதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அத்தை என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 30-க்கு ஒற்றை இலக்கத்தில் மதிப்பெண். வெளியே வந்து காரில் ஏறும்போது, "எனக்குப் படிப்பு வராதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அந்த மதிப்பெண்ணில் நோய் எவ்வளவு, பள்ளிக்கூடம் போகாதது எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இந்த மையத்தில் முதல் நாள் நடந்ததே வேறு. அங்கே முன்பு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் இருக்கிறார். மேசையில் ஒரு பால் கத்தி, ஒரு மங்கு, ஒரு தீப்பெட்டி வைத்தார். "இது என்ன பாட்டி, எதுக்கு வச்சிருக்கோம்?" அத்தை கத்தியை எடுத்து முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மொக்கையா கெடக்கு, கல்லுல தீட்டணும். இதால வெட்டுனா பட்டை காயமாயிரும், அப்புறம் தண்டல் ஏசுவான்" என்றார். தோட்டத்து மேற்பார்வையாளரைத்தான் சொல்கிறார். அந்தக் கத்தியைப் பிடிக்க வேண்டிய விதத்தில் கை தானாகவே மடங்கியது. அப்புறம் மிஸ்ஸி ஒவ்வொன்றாக அத்தை பார்க்கவே ஒளித்துவைத்தார், மங்கைத் துண்டுக்கு அடியில், தீப்பெட்டியை நாற்காலிக்குப் பின்னால், இப்படி. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு எது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கத்தி ஞாபகம் இருந்தது. மற்ற இரண்டும் சுத்தமாகப் போய்விட்டன, அப்படி இரண்டு பொருள் இருந்ததே நினைவில்லை. தேதியைக் கேட்கவில்லை, "வெல்ஃபேர் காசு ஏறிருச்சா பாட்டி? தீபாவளி முடிஞ்சிருச்சா, இனிமேதானா?" என்று கேட்டார். ஒரு நிமிஷத்துக்குள் தோட்டத்தில் பார்த்த பிராணிகளைச் சொல்லச் சொன்னார். பன்றி, பாம்பு, குரங்கு என்று வந்து, திரும்பவும் பன்றி, பாம்பு.

மறதி இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அத்தை ஒன்றும் தெரியாதவர் இல்லை என்பதும் அதே மேசையில் தெரிந்தது. திரும்பி வரும்போது அவர் முகத்தில் அவமானம் இல்லை. அதற்காகவே இந்த மையத்துக்குக் கோடி நன்றி சொல்வேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், மிஸ்ஸியும் இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்கிறார்: இது நோயை உறுதி செய்கிற பரிசோதனை இல்லை. இதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிறார்கள், அவ்வளவுதான். எங்களுக்கும் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே ரத்தத்தில் பி12, தைராய்டு எல்லாம் பார்த்து, மூளை ஸ்கேன் எடுத்த பிறகுதான் முடிவு சொன்னார்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள், இவையெல்லாமும் பெரியவர்களைக் குழப்பிவிடும், சிகிச்சை செய்தால் தெளிந்துவிடுகிறவர்களும் உண்டு. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிற குடும்பங்கள் முக்கியமாக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளை ஒளித்துக் கேட்பதெல்லாம் விளையாட்டுபோலத் தெரியும். ஆனால் இந்த முறைக்குப் பின்னால் நிறைய வேலை நடந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பர்லி என்கிற பகுதியில் இருக்கும் பூர்வகுடி மக்களுக்கு நகரத்துப் பரிசோதனை பொருந்தவில்லை என்று, அந்த மக்களோடு சேர்ந்தே ஒரு மதிப்பீட்டை உருவாக்கினார்கள், 2006-இல் அது வெளிவந்தது. சீப்பு, தகரக் குவளை, தீப்பெட்டி, இவைதான் அதில் ஒளித்துவைக்கும் பொருள்கள். இது பென்ஷன் வருகிற வாரமா என்று கேட்பார்கள். மனுஷர் வேட்டையாடுகிற பிராணிகளைச் சொல்லச் சொல்வார்கள். அதை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. அங்கே 45 வயதுக்கு மேற்பட்டவர்களில் 12.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய், மொத்த ஆஸ்திரேலியக் கணக்கைப்போல ஏறக்குறைய 5 மடங்கு. அதற்கு முன் அந்த மக்களிடம் போய் அவர்களுக்குப் பொருந்துகிற விதத்தில் கேட்கவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கனடாவில் மனிடூலின் தீவின் அனிஷினாபே பூர்வகுடி மூத்தவர்கள் அதே மதிப்பீட்டை எடுத்து, கேள்வி கேள்வியாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நம் தமிழ் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மனிடோபாவில் கிரீ என்கிற பூர்வகுடி மக்களிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் கேட்கக்கூடியதாக ஒரு கேள்வித்தொகுப்பு தயாரானது. பெரியவரிடம் மட்டும் கேட்காமல் கூட இருக்கிறவர்களிடமும் கேட்கும், சமைப்பாரா, காசு எண்ணுவாரா, முன்பு செய்த எதை இப்போது விட்டுவிட்டார் என்று. 10/66 என்கிற ஆய்வுக் குழு அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் தமிழில் கேட்டார்கள். நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஏழை நாடுகளில், ஆய்வோ 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்ற கணக்கிலிருந்து வந்த பெயர் அது. நம் நாட்டில் 2018-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று சொன்னதே, அதற்குப் பயன்படுத்திய சோதனையும் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக உருவானதுதான். தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டி அதேபோல வைக்கச் சொல்வார்கள், பேனா வேண்டியதில்லை. படிப்பில்லாதவர்களிடம்தான் அந்த எண்ணிக்கை மேலும் அதிகம். சின்ன வயதில் படிப்பு கிடைக்காததே பிற்காலத்தில் மறதி நோய்க்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காது கேளாமை இவையும் பட்டியலில் இருக்கின்றன. தோட்டத்துப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே நம் வீட்டில் இருக்கிறது.

சரி, மையத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். காலையில் தேவாரம் ஒன்று பாடுவார்கள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, அப்புறம் பூக்கட்டுதல், கீரை ஆய்தல், பழைய தோட்டப் படங்களைப் பார்த்துப் பேசுதல். பேர் சொல்ல வராதவர்கூட மல்லிகையை நாரில் வைத்து முடிச்சு போடுகிறார், ஒன்றும் நழுவவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு 5 ரிங்கிட், கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை. சமைக்கிற அக்காக்கள் எல்லாரும் அதே தோட்டங்களில் வளர்ந்தவர்கள், யாருக்கு ரசம் மட்டும் போதும், யாருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிகிறது.

மாதம் ஒருமுறை குடும்பத்தாருக்குக் கூட்டம் வைக்கிறார்கள். என் கணக்கில் இதுதான் இந்த மையத்தின் உயிர். அத்தைக்கு விடியற்காலை 4 மணிக்கு முழிப்பு வந்துவிடும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) நேரமாச்சு, காண்டா வாளியை (பால் சுமக்கிற வாளியை) காணோம் என்று கதவை ஆட்டுவார். வேலையை விட்டு வருஷமாச்சு அத்தை என்று எடுத்துச் சொன்னால் கோபம்தான் வரும், சில நாள் அழுகை. மிஸ்ஸி சொன்னது இதுதான்: மறுக்காதீர்கள், எந்த நெரைக்கு (மர வரிசைக்கு) போகிறார், கூட யார் வருகிறார்கள் என்று கேளுங்கள், ஒரு தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். செய்து பார்த்தேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்தக் காலத்துக் கூட்டாளிகளைப் பற்றிப் பேசி, பேச்சு முடிவதற்குள் கதவை மறந்துவிடுகிறார். எல்லா நாளும் பலிப்பதில்லை. பலிக்கிற நாள் வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள்.

வழி தவறிப் போவதைப் பற்றியும் அந்தக் கூட்டத்தில்தான் நன்றாகப் பேசினார்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தவரை பெரியவர் எங்கே நடந்தாலும் நாலு வீட்டுக்காரர் பார்த்துக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தோட்டத்தை உடைத்து எல்லாரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்கு வந்த பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒரே கேட், ஒரே கூரை, பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அதனால் தெருவில் உள்ள கடைக்காரர்களுக்கும் காவல்காரருக்கும் பெரியவரைக் காட்டி, போன் நம்பர் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் செய்துவிட்டோம், ஒருமுறை உதவியும் இருக்கிறது.

இனி குறைகள். கழிவறைக்கு இரண்டு படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மறதி நோய்க்காரர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், இதை நாளைக்கே சரி செய்ய வேண்டும். தேத்தண்ணியிலும் மைலோவிலும் சீனி அதிகம், பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் கேசரி போடுகிறார்கள். ஒரே வேன்தான், உள்ளே இருக்கிற தோட்டங்களுக்கு அது போவதில்லை, பஸ்ஸும் கிடையாது, உண்மையில் உதவி தேவைப்படுகிற பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆண் உதவியாளர் ஒருவர்கூட இல்லாததால் தாத்தாக்கள் கழிவறைக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய குறை வேறு. சுங்கை பிளஸ் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து மலையில் வாழும் பூர்வகுடிகளான தெமியார் குடும்பம் ஒன்று பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தது, மரம் ஏற்றுகிற பாதையில் நாலு சக்கர வண்டியில். பாட்டிக்குத் தெமியார் மொழி மட்டும்தான், மகள் மலாயில் சொன்னார். மிஸ்ஸி பால் கத்தியையும் மங்கையும் எடுத்து வைக்கவில்லை. நம் கேள்வியை இவர்களிடம் கேட்டால் கிளினிக்கில் உங்கள் அத்தைக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடக்கும், இவர்களுக்கான கேள்வியை இவர்கள் ஊர்ப் பெரியவர்கள்தான் தயார் செய்ய வேண்டும் என்று என்னிடம் சொன்னார். சரியான பேச்சு. ஆனால் அதற்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டி மையம் முடியும்வரை நம் பெண்களோடு உட்கார்ந்து பூ கட்டிவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. அவர்கள் கம்போங்குக்கு (கிராமத்துக்கு) யாரும் போய்ப் பார்க்கவுமில்லை. நமக்கு நடந்த ஒதுக்கலைத் தெரிந்த நாமே பக்கத்து மலையில் இருக்கிறவர்களை விட்டுவிடக் கூடாது. அந்த ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வண்டிச் செலவுக்கு வழி செய்தால் அவர்களே நடத்திக்கொள்வார்கள். கமிட்டியிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கமிட்டியைப் பற்றி ஒரு நல்ல விஷயம். பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வுக்கு வந்தபோது, என்ன கண்டுபிடித்தாலும் இதே மண்டபத்துக்கு வந்து தமிழில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சம்மதிக்காத குடும்பத்தின் விவரம் வெளியே போகக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். மாணவர்களும் சொன்னபடி வந்தார்கள். கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போய் மறுபடி தலைகாட்டாதவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

போவதாக இருந்தால் மருந்து அட்டை, கண்ணாடி, காது மிஷின் இருந்தால் அதுவும், மாற்று உடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இங்கே பார்த்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கு மிஸ்ஸி வீட்டுக்கே வருகிறார், அதற்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். இப்போதைக்குக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்டு மாதக் கூட்டத்துக்கு மட்டும் போங்கள், அதற்குப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.