20 ஆம்பியர் சார்ஜர் கிட்: பெட்டி தங்கம், கூட வந்த ஒயர் தகரம்

வண்டி ஓடும்போதே, பின்னால் இழுத்துப் போகும் கேரவனின் (கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஒரு கிட் வாங்கி மாட்டிப் பத்து மாதம் ஆகிறது. அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை: 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், சிவப்பும் கறுப்புமாக ஒரு ஒயர் சுருள், ஹோல்டரோடு ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ், நீல நிற கிரிம்ப்கள் (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் இணைப்பிகள்) ஒரு கைப்பிடி, நாலாக மடித்த ஒரே ஒரு தாள். கம்பெனிப் பெயர் வேண்டாம். சார்ஜரைப் பாராட்டவும் மற்றதைத் திட்டவும்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு என்னிடம் இருந்தது சாதாரண வோல்டேஜ் ரிலே, அதாவது வோல்டேஜைப் பார்த்து இரண்டு பேட்டரிகளையும் தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச். வண்டி பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டினால் ஒட்டிக்கொள்ளும், 12.8-க்குக் கீழே இறங்கினால் விட்டுவிடும். பழைய வண்டிக்கு அது போதும், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) எந்நேரமும் 14 வோல்ட்டுக்கு மேலேயே கொடுத்துக்கொண்டிருக்கும். இப்போது இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டி. பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும், பிரேக் மிதித்தால் 15 வரை ஏற்றும். ரிலே பாவம், ஒட்டுவதா விடுவதா என்று தெரியாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய் இறங்கினால் கேரவன் பேட்டரி 12.1-இல் கிடக்கும். கிளம்பும்போது இருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

டிசி-டிசி சார்ஜர் இந்தத் தொல்லைக்கென்றே பிறந்த பொருள். உள்ளே 12 வந்தாலும் 15 வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐ நிதானமாகக் கொடுக்கும். லித்தியம் பேட்டரி என்றால் இது இல்லாமல் நேரடியாக இணைக்கவே கூடாது. அதன் உள்தடை மிகக் குறைவு, ஆல்டர்னேட்டரிடமிருந்து இழுத்த மட்டும் இழுத்து அதைச் சூடாக்கிவிடும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாளில் இருந்தபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயர் இழுத்து முடித்தேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது, மூன்று விநாடியில் சிவப்பு, மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி. பெட்டிதான் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப டேப் ஒட்டும்வரை போய்விட்டேன்.

அப்போது வந்த மச்சான், “மாப்ள, சார்ஜர் லோடு இழுத்து ஓடும்போது உள்ளே வரும் வோல்டேஜைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. வண்டி பேட்டரியில் 12.6 இருந்தது, அதோடு திருப்திப்பட்டுவிட்டேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சார்ஜரின் இன்புட் திருகுகளில் வைத்தோம். பச்சை விளக்கு எரியும் அந்த மூன்று விநாடியில் 12.6, 11.2, 10.7 என்று சரிந்தது. 11-க்குக் கீழே போனதும் சார்ஜர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. லோடு போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி கிளம்புகிறது.

கணக்கு இதுதான். 14.4 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றால் 288 வாட். சார்ஜருக்குள் பத்து சதவீதம் சூடாகப் போகிறது என்று வைத்தால், 12.5 வோல்ட்டில் உள்ளே 25 ஆம்பியருக்கு மேல் வாங்க வேண்டும். ஒயரில் வோல்டேஜ் விழ விழ, அதே வாட்டுக்காக இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் இன்னும் விழும். வண்டி பானெட்டிலிருந்து கேரவன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரி வரை எனக்கு 9 மீட்டர். போக வர 18. திரும்பி வரும் கறுப்பு ஒயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

சுருளில் ‘6 மி.மீ.’ என்று அச்சடித்திருந்தது. மச்சான் ஒரு துண்டை வெட்டி முனையை உரித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே பிளாஸ்டிக் கொழுகொழுவென்று இருக்கிறது, உள்ளே செம்பு ஒல்லி. 6 மி.மீ. என்பது பிளாஸ்டிக்கையும் சேர்த்த வெளி விட்டம்! வண்டி ஒயர்களில் இப்படி அளவு சொல்லும் வழக்கம் உண்டாம். அந்த ‘6 மி.மீ.’ ஒயரில் செம்பு ஏறக்குறைய 4.6 சதுர மி.மீ.தான். 18 மீட்டரில், 25 ஆம்பியரில் 1.7 வோல்ட் அதிலேயே கரைந்துவிடும். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் 20 ஆம்பியர் சார்ஜரோடு அதைச் சுருட்டி வைத்து விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீல கிரிம்ப்கள் அதைவிட வேடிக்கை. அவை 1.5 முதல் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கானவை. இந்த ஒயரே அதற்குள் முழுதாக நுழையாது. நான் நாலைந்து இழைகளை வெட்டிவிட்டு நுழைத்திருந்தேன், அதையும் மச்சான் கண்டுபிடித்துவிட்டார். அந்த அவமானம் தனிக்கதை.

சரி, மாற்றியதைச் சொல்கிறேன். 16 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கேற்ற லக் (திருகில் மாட்டும் உலோக முனை), சரியான கிரிம்ப் கருவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை). இரண்டு வண்டிக்கும் நடுவே கழற்றி மாட்ட 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். ஃபியூஸைச் சார்ஜருக்குப் பக்கத்தில் போடச் சொல்கிறது தாள். அது பாதிதான் சரி. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. வண்டி பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்று இல்லையென்றால், நடுவழியில் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தடுக்க யாரும் இல்லை. கேரவன் பேட்டரி பக்கமும் ஒன்று வேண்டும், அதுவும் மின்சாரம் கொடுக்கக்கூடியதுதானே. இரண்டு பக்கமும் 40 ஆம்பியர் போட்டேன். இப்போது ஓடும்போது சார்ஜர் வாயிலில் 12.1. பச்சை விளக்கு அசையவில்லை. நாலு மணி நேர ஓட்டத்தில் பாதி காலியான 100 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்துவிடுகிறது.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டிக்காரர்கள் இக்னிஷன் ஒயரை, அதாவது சாவி திருப்பியதைச் சார்ஜருக்குச் சொல்லும் ஒயரை, விட்டுவிடாதீர்கள். தாளில் அது ‘விருப்பம்’ என்று இருக்கிறது. நின்றிருக்கும் பேட்டரியே 12.7 காட்டும், ஓடும் வண்டி 12.5 காட்டும் என்றால், வோல்டேஜை மட்டும் பார்த்து இன்ஜின் ஓடுகிறதா என்று சார்ஜர் எப்படிக் கண்டுபிடிக்கும்? நான் வண்டியையும் கேரவனையும் இணைக்கும் 13 பின் சாக்கெட்டின் பத்தாவது பின்னிலிருந்து எடுத்தேன். அது சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் பின்.

ஃபிரிட்ஜ் அந்தப் பத்தாவது பின்னிலேயே தனியாக ஓடுகிறது, அதன் எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) பதினொன்றாவது பின். ஒன்பதாவது பின் நிரந்தர மின்சாரம், அதற்கு எர்த் பதின்மூன்று. விளக்குகளுக்கு எர்த் மூன்றாவது பின். கேரவன் பக்கத்தில் இந்த மூன்று எர்த்தையும் ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது, ‘எல்லாம் கறுப்புதானே’ என்று தோன்றும். ஃபிரிட்ஜைத் தவறிப்போய் ஒன்பதில் மாட்டினால் வண்டி நின்ற பிறகும் 12 ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்தக் கிட்டால் ஃபிரிட்ஜுக்கு ஒரு லாபமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேஸிலும் ஓடும் அந்த வகை ஃபிரிட்ஜுக்குள் இருப்பது வெறும் ஹீட்டர் சுருள். 12 வோல்ட்டுக்குப் பதில் 10.5 போனால் சூடு ஏறக்குறைய கால்வாசி செத்துவிடும். அதற்கும் தடித்த ஒயர்தான் மருந்து.

பத்து மாதத்தில் சார்ஜர் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. நன்றாகச் சூடாகிறது, சுற்றிலும் ஒரு கை அகலம் காற்று விட்டு மாட்டுங்கள். விளக்கு கட்டிலுக்கு அடியில் இருப்பதால் ஓட்டும்போது தெரியாது, வெளியே எடுக்க ஒரு சின்ன டிஸ்ப்ளே கொடுத்திருக்கலாம். பெட்டியைத் தனியாக விற்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கிட்டாகத்தான் கிடைக்கும் என்றால் ஒயருக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

அந்த 6 மி.மீ. சுருளைத் தூக்கிப் போடவில்லை. கேரவன் வாசல் எல்இடி விளக்குக்கு இழுத்துவிட்டேன். அரை ஆம்பியர்கூட இல்லை, அதற்கு ராஜ ஒயர்.