பொட்டை என்று சொல்லி ஆண் டரான்டுலா விற்கிறார்கள், காசு கொடுக்கும் முன் காலைப் பாருங்கள்

கோவையில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய மெக்சிகன் ரெட் நீ டரான்டுலா, அதாவது உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி. "பொட்டைங்க, இருபது வருசம் தாராளமா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பில் கிடையாது. வந்ததோ கடைசித் தோலையும் உரித்து முடித்த, அதாவது முதிர்ந்த ஆண். இனிச் சில மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். திருப்பிக் கேட்டதற்கு, "பூச்சியில என்னங்க ஆணு பொட்டை" என்று கை விரித்துவிட்டார்கள்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். டப்பாவைத் தூக்கி, அடியிலிருந்து செல்போன் டார்ச் அடியுங்கள். வாய்க்கு இரண்டு பக்கமும் குட்டைக் கால் மாதிரி இரண்டு உறுப்பு இருக்கும். அதன் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல உருண்டு தடித்திருந்தால் முதிர்ந்த ஆண். ரெட் நீயில் முதல் ஜோடிக் காலின் உட்பக்கமும், நுனியிலிருந்து மூன்றாவது கணுவில், கறுப்பாகக் கொக்கி தெரியும். சில இனங்களில் கொக்கி இருக்காது, அதனால் இரண்டையும் பாருங்கள். முதிராததை இப்படிச் சொல்ல முடியாது. அதற்கு அது உரித்த தோல் வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை விரித்தால், முன்னால் இருக்கும் இரண்டு வெள்ளைத் திட்டுக்கு நடுவே பெண்ணுக்கு மட்டும் விந்துப்பை மடிப்பு தெரியும். தோலைக் காட்டாமல் 'பெண்' என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வயிறு சுருங்கியதையும், வாயோரம் வெள்ளையாகக் கூழ் படிந்ததையும் எடுக்கவே வேண்டாம். வெள்ளைக் கூழ் நூற்புழுவாக இருக்கலாம், அதற்கு மருந்தும் இல்லை.

இரை எடுக்கவில்லை என்றதும் கடைக்காரர் சொன்ன யோசனைகள் இன்னும் மோசம். சின்னப் பல்லி போடு, சூட்டு பல்பு மாட்டு, தண்ணிக் கிண்ணத்தில் ஸ்பாஞ்ச் வை. முதிர்ந்த ஆண் இயல்பாகவே குறைவாகத்தான் தின்னும். பல்லி தேவையே இல்லை. நம்ம ஊரில் வீட்டுக்குள் இருக்கும் 24 முதல் 30 டிகிரியே போதும், பல்பு அதை வற்ற வைத்துவிடும். ஸ்பாஞ்சில் கிருமிதான் வளரும், வெறும் தண்ணீரே போதும்.

வளர்ந்ததற்கு 7 முதல் 14 நாளுக்கு ஒரு முறை, அதன் வயிற்றைவிடப் பெரிதாகாத ஒரு கிரிக்கெட் (சுவர்க்கோழிப் பூச்சி) அல்லது டூபியா வகைக் கரப்பான். குட்டிக்கு வாரம் இரண்டு முறை, கொன்று துண்டாக்கிய இரை. 24 மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். இதில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். தோல் உரிக்க மல்லாந்து கிடக்கும் சிலந்தியை உள்ளே விட்ட கிரிக்கெட் கடித்துத் தின்றுவிடும். மல்லாந்திருந்தால் செத்துப்போச்சென்று நினைத்துத் தொடாதீர்கள். சாகும்போது கால்கள் அடியில் மடங்கிச் சுருளும். உரித்த பிறகு பல் வெள்ளையாகி, சிவந்து, கறுக்கும். கறுக்காமல் இரை போடக் கூடாது, பெரியதற்கு அது ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் வேண்டாம். பருத்திக்கும் கத்தரிக்கும் அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கலாம்.

டப்பாவுக்குள் பரப்பப் பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள் நல்ல தரைதான், உப்புக் கழுவிய கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். ஊறவைத்துப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது. தரைக்கும் மூடிக்கும் இடைவெளி, சிலந்தி கால்களை விரித்து நிற்கும் அகலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், விழுந்து வயிறு கிழியும்.

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ரெட் நீ இருக்கிறது. 2022 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பில் கொடுக்காத கடை அந்தப் பொறுப்பையும் நம் தலையில் கட்டுகிறது. "ஆனமலைப் பக்கம் புடிச்சதுங்க" என்று மரத்தில் வாழும் கோடு போட்ட சிலந்தியைக் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள். அது நம் காட்டுப் பொக்கிலோத்தீரியா, 2019 முதல் அந்த இனமும் சைட்டிஸில். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விடாது.

ஏற்கெனவே ஆணை வாங்கிவிட்டவர்கள் இரையைத் திணிக்க வேண்டாம். பெண்ணைத் தேடி இரவு முழுக்கச் சுற்றும், மூடிக்குக் கிளிப் போடுங்கள். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.