மூடுபனியில் ஸ்கேட்போர்டு வீடியோ: எந்தக் கேமரா, எந்த எடிட்டிங் மென்பொருள்?

கோத்தகிரியில் என் அக்கா மகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் ஸ்கேட்போர்டு ஓட்டத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறை நாட்களில் ஒரு பள்ளியின் பழைய கூடைப்பந்துத் திடலில் அனுமதி பெற்று ஓட்டுகிறார்கள். அவர்களைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, மூன்று நான்கு நிமிட வீடியோவாகச் செய்து தரும் வேலை என்னுடையது. கைப்பேசி, டேப் கேம்கார்டர், ஃபிஷ்ஐ லென்ஸ் (மிக அகலமான காட்சியை வளைத்துக் காட்டும் லென்ஸ்) பொருத்திய மிரர்லெஸ் கேமரா (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடியது), ஆக்‌ஷன் கேமரா (அடியையும் நீரையும் தாங்கும், கைக்குள் அடங்கும் சிறு கேமரா) ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு ஆக்‌ஷன் கேமராவைத் தேர்ந்துகொண்டேன். படத்தின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டேன். ஆண்டில் பாதி நாட்கள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில், கேமராவை வாங்குவதைவிட அதைக் கெடாமல் வைத்திருப்பது பெரிய வேலை என்று தெரிந்துகொண்டதே இந்தத் தேர்வுக்குக் காரணம்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருப்பது அதுதான், தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்கலாம். திடலின் ஓரத்தில் முக்காலியில் நிறுத்தி எடுக்க அது போதும். ஆனால் ஸ்கேட்போர்டு வீடியோவின் உயிர், ஓட்டுபவருக்குப் பின்னாலேயே இன்னொரு போர்டில் சென்று, சக்கரத்தின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, ஒரு கை தூரத்தில் எடுக்கும் காட்சிகளில் இருக்கிறது. வழுக்கும் கண்ணாடிப் பலகை ஒன்றை விரல் நுனியில் பிடித்தபடி சிமெண்ட் தரைக்கு அரையடி மேலே கொண்டு செல்வதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. மேலே கிளிப் போட்டு மாட்டும் சிறு ஃபிஷ்ஐ லென்ஸ்களில் படத்தின் ஓரங்கள் குழைந்துபோகின்றன.

டேப் கேம்கார்டரை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். 1995-இல் சோனி வெளியிட்ட விஎக்ஸ்1000, மேலே கைப்பிடியும் மூன்று சிசிடி சென்சார்களும் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லுகள்) கொண்ட, மினிடிவி என்ற சிறு டேப்பில் பதிவு செய்யும் கேமரா. அதன் முன்னால் செஞ்சுரி ஆப்டிக்ஸ் ஃபிஷ்ஐ லென்ஸைப் பொருத்தி எடுத்த படங்கள்தாம் ஸ்கேட்போர்டு வீடியோ என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதையே வரையறுத்தன. படச் சட்டகத்தின் அகலமும் உயரமும் 4:3 என்பதால் தரையில் இருக்கும் போர்டும் ஓட்டுபவரின் தலையும் நெருக்கத்திலேயே ஒன்றாக அடங்கிவிடும். சிசிடி சென்சார் காட்சியை வரி வரியாகப் படிக்காமல் ஒரே கணத்தில் பதிவு செய்வதால், கரடுமுரடான தரையில் போர்டு அதிரும்போதும் படம் ஜெல்லியைப் போலத் தளும்பாது. நான் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் மினிடிவி கேமரா என்றாலும் அந்த அழகில் ஒரு பங்கு அதிலும் இருந்தது.

அது எங்கள் மலைக்கு ஒத்துவரவில்லை. டேப்பைச் சுழலும் உருளை ஒன்றின் மீது ஒட்டிச் செல்லவைத்துப் படிக்கும் கருவி அது. குளிர்ந்த திடலிலிருந்து கணப்பு மூட்டிய அறைக்குள் அதைக் கொண்டுவந்தால், உருளையின் மீது நீர் பூத்து டேப் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஈரம் என்ற எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இயங்க மறுத்துவிடும். எச்சரிக்கை வந்தது நல்லதுதான்; ஆனால் அக்டோபரிலும் நவம்பரிலும் அது வராத மாலையே இல்லை. இதற்கு மேல், 60 நிமிட டேப்பைக் கணினிக்கு மாற்ற முழுதாக 60 நிமிடம் உட்கார வேண்டும். அதற்குத் தேவையான ஃபயர்வயர் துளை இப்போதைய மடிக்கணினிகளில் கிடையாது.

அடுத்தது மிரர்லெஸ் கேமரா. இதையும் ஆக்‌ஷன் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படத்தில் வெல்வது மிரர்லெஸ்தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் வரும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் பரப்பு, பழைய ஆக்‌ஷன் கேமராக்களில் வரும் 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. மாலை நாலரை மணிக்குத் தேயிலைச் சரிவுகளிலிருந்து மூடுபனி ஏறி வரும் மங்கல் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லென்ஸ் விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. கையால் குவியம் வைக்கும் 7.5 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ்களைச் சில நிறுவனங்கள் செய்கின்றன. கையால் குவியம் வைப்பது ஒரு குறையே இல்லை. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் குவியத்தை நிறுத்திவிட்டால், அரையடியிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும்; அதற்குப் பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம்.

அப்படி ஒரு செட்டைக் கேமராவுக்கு 28,000 ரூபாயும் லென்ஸுக்கு 10,000 ரூபாயும் கொடுத்து இரண்டாங்கையாக வாங்கினேன். முதல் ஆறு மாதம் அதைப் போல எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஒரு மாலையில், படங்களில் வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒரு மெல்லிய புகை படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, லென்ஸைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணை வைத்தேன். உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, தலைமயிரைவிட மெல்லிய வெள்ளை நூல்கள் கிளைவிட்டுப் போயிருந்தன. பக்கத்தில் நின்ற அக்கா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இது தூசி இல்ல. வளந்திருக்கு” என்றான்.

பீரோவில் வைத்த தோல் பெல்ட்டும் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவும் மழைக்காலத்தில் பூசணம் பூப்பது மலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடியிலும் அதே பூசணம் பிடிக்கும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாட்கள் தொடர்ந்து, லென்ஸ் இருட்டிலும் காற்றோட்டமில்லாத இடத்திலும் கிடந்தால், எங்கும் இருக்கும் பூஞ்சை வித்துகள் முளைத்துவிடுகின்றன. கண்ணாடியின் மீது படிந்த தூசியும் விரல் எண்ணெயுமே அதற்கு உணவு. அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் திறந்து துடைக்கலாம், அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. நான் செய்த பெரிய தவறு, லென்ஸை அதனோடு வந்த தோல் உறையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டியதுதான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கும் அது பிடித்த இடம்.

கோவையில் பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, துடைத்துத் தரலாம், மேற்பூச்சு திரும்பாது என்றார். லென்ஸின் மறுவிற்பனை மதிப்பு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. இரண்டாங்கைச் சந்தையில் வாங்குபவர்கள் முதலில் கேட்பதே ஃபங்கஸ் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்று உண்மையைச் சொன்னதால் 10,000 ரூபாய் லென்ஸை 2,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் மின்சார டிரை கேபினட் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு லென்ஸுக்காக அந்தச் செலவைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான்கைந்து லென்ஸ் வைத்துத் திருமணப் படமும் எடுப்பவராக இருந்தால், கேபினட்டை வாங்கிவிட்டு மிரர்லெஸ்ஸையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆக்‌ஷன் கேமராவில் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி இல்லாமல் போகிறது. லென்ஸைக் கழற்றுவதே கிடையாது. பேட்டரிக் கதவு ஒன்றைத் தவிர ஈரம் நுழைய வேறு வழியும் கிடையாது. 2016-இல் வந்த கோப்ரோ ஹீரோ5 பிளாக் தனி உறை இல்லாமலேயே 10 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதது. அதற்குப் பிறகு இந்த வகைக் கேமராக்களில் அது எதிர்பார்க்கப்படும் தகுதியாகிவிட்டது. சாரலில் நனைந்தால் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். போர்டு எகிறி லென்ஸின் மேல் அடித்தால், பல மாடல்களில் வெளிக் கண்ணாடியை மட்டும் கழற்றி மாற்றலாம். மிரர்லெஸ்ஸின் குமிழ் போன்ற ஃபிஷ்ஐ முகப்பில் காப்புக் கண்ணாடியைத் திருகவே இடமில்லை, ஓர் அடி விழுந்தால் லென்ஸே போய்விடும். ஸ்கேட்போர்டைத் துரத்திக்கொண்டு படம் எடுப்பவருக்கு அந்த அடி என்றாவது ஒரு நாள் விழும்.

ஈரம் புகாது என்பதாலேயே உள்ளே புகுந்த ஈரம் வெளியேறவும் முடியாது. இதையும் நான் பட்டுத்தான் கற்றேன். மூடுபனியில் நின்றபடி பேட்டரியை மாற்றிவிட்டுக் கதவை மூடினால், உள்ளே அடைபட்ட ஈரக் காற்று, கேமரா சூடேறி மறுபடியும் குளிரும்போது கண்ணாடியின் உட்புறத்தில் பனியாகப் பூத்துவிடுகிறது. ஒரு முழு மாலையின் காட்சிகள் அப்படிப் பால் ஊற்றியதுபோல் வீணாயின. அதிலிருந்து, கேமராவைப் பேட்டரிக் கதவு திறந்தபடி சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போட்ட டப்பாவில் இரவு முழுதும் வைத்த பிறகுதான், வீட்டுக்குள்ளேயே பேட்டரியைப் போடுகிறேன். திடலில் மாற்றியே ஆகவேண்டும் என்றால் நிறுத்தியிருக்கும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுகிறேன். நீல நிற சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய வாணலியில், சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, சிறு தீயில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். அரிசியில் போட்டு வைக்கும் வழக்கம் வேண்டாம், அதன் மாவுத்தூள் கேமராவுக்குள் போகும்.

குறை என்றால் வெளிச்சம்தான். மங்கலான மாலையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும்; ஷட்டர் வேகம் தானாகவே குறைந்து, அதிர்வைத் திருத்தும் மென்பொருள் மங்கலான காட்சியைத் திருத்தப் பார்த்து இன்னும் குழப்பும். ஆகையால் ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்தி, நொடிக்கு 50 சட்டகங்களில் எடுக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், திடலின் விளக்கை எரியவிட்டாலும் இந்த அமைப்பில் படம் துடிக்காது. அதிர்வுத் திருத்தத்தை உச்சத்தில் வைக்காமல் ஒரு படி குறைத்தே வைக்கிறேன். படம் அளவுக்கு மீறி வழுவழுப்பாக ஓடினால் வேகமே தெரிவதில்லை. நாலரை மணிக்கு மேல் எடுப்பதை நிறுத்திவிட்டோம், அதனால் இழப்பது அதிகமில்லை.

கேமராவைவிட மலிவான ஒரு பொருள் எங்கள் வீடியோவை அதிகம் மாற்றியது. தெருவில் ஓட்டும் போர்டுகளுக்கு 99ஏ முதல் 101ஏ வரை (எண் கூடக் கூடக் கடினம் கூடும்) கடினமான சக்கரங்கள் போடுவது வழக்கம். படம் எடுக்கும் நான் அதே சக்கரத்தில் பின்தொடர்ந்தால் என் சக்கரத்தின் இரைச்சலே பதிவாகிறது. என் போர்டுக்கு மட்டும் 78ஏ மென்சக்கரங்களை மாற்றியதும், ஆலி அடிக்கும்போது (போர்டோடு சேர்ந்து துள்ளும்போது) போர்டின் வால் தரையில் மோதும் அந்தக் கூர்மையான ஒலி, கலப்பில்லாமல் கேட்கத் தொடங்கியது.

மென்பொருளில் என் அனுபவம் இரண்டைத் தாண்டவில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, 4கே தெளிவில் நொடிக்கு 60 சட்டகங்கள் வரை வீடியோவை வெளியிட அனுமதிக்கிறது. நிறத் திருத்தத்தில் அதற்கு இணையாக இலவசமாக நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அது வலுவான கிராபிக்ஸ் அட்டையையும் நிறைய நினைவகத்தையும் கேட்கும். தனி கிராபிக்ஸ் இல்லாத என் 8 ஜிபி மடிக்கணினியில் டைம்லைன் நகரவே தயங்கியது. கேடன்லைவ், கட்டற்ற மென்பொருள்; காட்சிகளின் சிறிய நகல்களைத் தானே உருவாக்கிக்கொண்டு, வெட்டி முடித்த பிறகு மூலக் காட்சிகளிலிருந்து இறுதி வீடியோவைத் தரும் ப்ராக்ஸி வசதி அதில் இருப்பதால், அதே கணினியில் தடையின்றி வேலை நடக்கிறது. காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து அரை நாள் மின்சாரம் இல்லாமல் போகிற மாதங்களில், பேட்டரியில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் இலேசான மென்பொருளே எனக்கு உதவுகிறது. மூடுபனிக் காட்சிகள் வெளிறிப்போய் இருக்கும். கேடன்லைவிலேயே கரும்பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால் அவற்றுக்கு உடம்பு வந்துவிடும். வலுவான கணினி உள்ளவர்கள் ரிசால்வையே எடுத்துக்கொள்ளலாம்.

சேமிப்புக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும். 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 85 நிமிடம் அடங்கும். ஒரு மாலைக்கு அது போதும். வி30 என்ற வேகக் குறியீடு பொறித்த கார்டாக இருந்தால் இந்த வேகத்துக்குத் தாராளம்.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை ஆக்‌ஷன் கேமராவின் விலையும் புதிய மாடல்கள் வர வர இறங்கத்தான் செய்கிறது. அதனால்தான் புதியதை வாங்காமல், இரண்டு மாடல் பழையதை 14,000 ரூபாய்க்கு இரண்டாங்கையாக எடுத்தேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் கண்ணாடியில் பூசணம் இல்லை. மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன். மிரர்லெஸ் கேமராவை விற்கவில்லை. சாதாரண லென்ஸோடு அதைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் தெளிவாக அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் வாரங்களில், திடலின் எதிர்மூலையிலிருந்து தொலைவுக் காட்சிகள் எடுக்க அது வெளியே வருகிறது.